ஓர் அங்குலம் சுருங்கிய இத்தாலி வண்டி

டிங்கர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, நசுங்கிய மட்கார்டை நிமிர்த்துவது எப்படி என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அது சுத்தியலைப் பிடித்த கைக்குத் தானாக வரும். வராவிட்டால் வண்டிக்காரர்கள் திட்டித் திட்டியே வரவழைத்துவிடுவார்கள். என் கை செய்த ஒரு தப்பையும், அதைவிடப் பெரிதாக என் வாய் செய்த ஒரு தப்பையும் எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கலாம், எனக்கு இப்போது வருத்தமில்லை. வீட்டில் உட்கார்ந்து மூன்று வேளை சாப்பிடுகிறேன், பேரப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு மட்டும் டிங்கர் வேலை பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருவண்ணாமலையில் செங்கம் சாலையில், ரமணாசிரமம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் பட்டறை. தனியாகத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயது முப்பத்திரண்டு. எனக்குத் தெரியாத வேலை ஒன்று இந்தத் தொழிலில் உண்டு என்று யாராவது சொன்னால் அடிக்கப் போய்விடுவேன், அப்படி ஒரு திமிர்.

பக்கத்தில் ஒரு குஷன் கடை. வண்டிகளுக்குச் சீட் தைப்பது, ஜீப்புக்குக் கூடாரத் துணி போடுவது அங்கே வேலை. கடைக்காரருக்கும் என் வயதுதான். ஊரே அவரைக் குஷன் பாய் என்றது, நானும் அப்படியே எழுதுகிறேன். பாய்க்கு ஒரு பழக்கம். எதை எடுத்தாலும் அளப்பார். நீளம், அகலம் போதாது, மூலைக்கு மூலை குறுக்காகவும் அளப்பார். அளந்ததை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பார். அதைச் சொல்லியே அவரைக் கிண்டல் பண்ணிப் பொழுது போக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கிய வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. பெரும்பாலும் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். எலெனா அம்மா மட்டும் இத்தாலியிலிருந்து தரைவழியாகத் தன் காரை ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுத் தனியாக வந்தவர். கார் என்றால் நம்ம அம்பாசிடர் மாதிரி இல்லை. இரண்டே சீட், புறா நிறம், இடுப்பு உயரம், மேலே கூரை கிடையாது. மழை வந்தால் பின்னாலிருந்து ஒரு துணி டாப்பை இழுத்து முன் கண்ணாடியோடு மாட்டிக்கொள்ள வேண்டும். உலகப் போர் முடிந்து ஏழெட்டு வருடத்தில் அவர்கள் ஊரில் செய்த வண்டி, அவருடைய முதல் சம்பளக் காலத்திலிருந்தே அவரிடம்தான் இருக்கிறது என்றார்.

தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் செங்கம் சாலையில் வரும்போது பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து பார்ப்பார்கள். தமிழை மார்க்கெட்டில் கற்றுக்கொண்டார். பஸ் போர்டுகளை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படிப்பார். யாரையும் 'நீ' என்று சொல்லத் தெரியாது. தெரு நாயைக்கூட 'தள்ளுங்க' என்றுதான் சொல்வார்.

அவர் எங்களிடம் வரக் காரணம் குரங்கு. மலைக் குரங்குகளுக்குக் கூரையில்லாத காரைக் கண்டால் கொண்டாட்டம். ஒரு மத்தியானம் நான்கைந்து உள்ளே இறங்கி, வாழைப்பழம் தேடி, கிடைக்காத கோபத்தில் துணி டாப்பைக் கிழித்துத் தோரணமாக்கிவிட்டன. புது டாப் தைக்கக் குஷன் பாயிடம் வந்தார். பாய் வழக்கம்போல முன் கண்ணாடிச் சட்டத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் நேராக, குறுக்காக, இரண்டு பக்கமும் அளந்து நோட்டில் எழுதினார்.

"வண்டிக்குச் சட்டை தைக்கிறியா, சமாதி கட்டறியா பாய்?" என்று கேட்டேன்.

"நீ உன் தகரத்தப் பாருபா. துணி ஒரு நூலு தப்புனாலும் காத்துல படபடன்னு அடிச்சிக்கும்," என்றார்.

அளப்பதற்காகத் தரை விரிப்பைத் தூக்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. கதவுக்கு அடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் பெட்டி மாதிரியான சட்டம் இரண்டு பக்கமும் துருப்பிடித்து அப்பளமாகியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. அவர்கள் ஊரில் பனி விழும் சாலையில் உப்புக் கொட்டுவார்களாம், அதன் வேலை.

எலெனா அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. வெளிநாட்டு வண்டியை வரி கட்டாமல் உள்ளே கொண்டுவர ஓர் அனுமதிப் புத்தகம் உண்டு. அதை ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது, இனி நீட்டிக்க முடியாது. குறிப்பிட்ட தேதிக்குள் வண்டி பஞ்சாப் எல்லையைத் தாண்டியாக வேண்டும், தாண்டாவிட்டால் சுங்கக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். ரஸ்தாவில் பன்னிரண்டு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டு, இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை கிளம்புவதாக இருந்தார். எல்லைக்கு அப்பால் ஆப்கானிஸ்தான் மலை, துருக்கி மலை எல்லாம் ஏறி இறங்க வேண்டும்.

"முடியுமாங்க?" என்று கேட்டார்.

"ஒரே வாரம்மா. புதுசாப் பண்ணிடலாம்," என்றேன்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். அதுவரை நான் பார்த்த வண்டிகள் இரண்டு ஜாதி. ஒன்று, கூரை போட்ட கார். அதில் கீழே வெட்டினாலும் மேலே கூரை வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, ஜீப். அதற்குக் கூரை இல்லை, ஆனால் அடியில் லாரி மாதிரித் தனிச் சட்டம் ஓடும். கூரையும் இல்லாமல் அடிச் சட்டமும் இல்லாமல் ஒரு வண்டி இருக்க முடியும் என்பதே என் மண்டையில் ஏறவில்லை. இந்த இத்தாலி வண்டிக்கு அந்தக் கதவடிப் பெட்டி இரண்டும்தான் முதுகெலும்பு. ஜீப்புக்கும்தான் கூரையில்லை, அதற்கு என்ன ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, வண்டியை முன்னும் பின்னும் மரக்கட்டைமேல் தூக்கி நிறுத்தினேன். நடுவில் ஒரு கட்டை வைக்கவில்லை. கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தேன். அவசரத்தில் இரண்டு பக்கப் பெட்டியையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தேன்.

வண்டி சத்தம் எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் நானும் விழித்துக்கொண்டிருப்பேன். தன் பாரத்தில் தானே நடுவில் மெல்ல இறங்கிவிட்டது. இறங்கின நிலையிலேயே புதுத் தகடு வைத்து, வரி வரியாக அழகான வெல்டிங் போட்டு முடித்தேன். அந்த வெல்டிங்கை இப்போது பார்த்தாலும் மெச்சுவீர்கள்.

கதவை மாட்டினேன். மேல் ஓரம் இடித்தது. பூட்டு நாக்கு அதன் துளைக்குள் போகவில்லை. கதவுதான் கோணல் என்று சொல்லிக்கொண்டேன். அரத்தை எடுத்து ஓரத்தை ராவினேன், கீலைத் தட்டி நகர்த்தினேன். அரை நாள் மல்லுக்கட்டியதும் கதவு 'க்ளிக்' என்று மூடிக்கொண்டது.

எதுவும் தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் நல்ல பெயர் வாங்கலாம்தான். ஆனால் இருபது வருடமாக ஒழுங்காக மூடிய கதவு, கழற்றி மாட்டிய ஒரு வாரத்தில் கோணலாகுமா? ராவும்போதே இந்தக் கேள்வி வந்தது. அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். மாலையில் எலெனா அம்மா வந்து பார்த்துவிட்டுக் கைதட்டினார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார், குரங்குக்கு முன்னால் எனக்கு.

"சரியா இருக்குங்களா?"

"பஸ்ட் கிளாஸ்மா," என்றேன்.

தம்பிகளே, கை செய்த தப்பை இரண்டு நாளில் சரிசெய்யலாம். இந்த 'பஸ்ட் கிளாஸ்' என்னை விடவே இல்லை.

அவர் கிளம்ப வேண்டிய வியாழனுக்கு முந்தைய திங்கட்கிழமை காலையில் பாய் புது டாப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பின்பக்கம் மாட்டி, முன்னால் இழுத்துக் கண்ணாடிச் சட்டத்தில் கொக்கியைப் போட்டார். துணி தொங்கியது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் வேட்டி மாதிரித் தொளதொளவென்று கிடந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னா பாய், அளந்து அளந்து நோட்டு ரொம்பினியே, இப்போ இன்னா ஆச்சு?"

பாய் கடைக்குப் போய் நோட்டையும் டேப்பையும் எடுத்து வந்தார். நேராக அளந்தார். குறுக்காக அளந்தார். மறுபக்கம் போய் அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓர் அங்குலம் கம்மி கீது. ரெண்டு பக்கமும்."

"அன்னைக்குத் தப்பா அளந்திருப்ப."

"ஒரு தரம் தப்பா அளக்கலாம்பா. ஆறு தரம் ஒரே மாதிரி தப்பா அளப்பாங்களா? என் டேப்பு வளராது. உன் வண்டிதான் சுருங்கிடுச்சு."

நான் குனிந்து வண்டியின் நடுவைப் பார்த்தேன். நடு இறங்கினால் முன் கண்ணாடி பின்னால் சாயும், கதவு மேலே இடிக்கும், துணி தொங்கும். எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"பாய், துணில ஓர் அங்குலம் புடிச்சிடேன். கதவுதான் மூடுதே."

"புடிக்கலாம். அஞ்சு நிமிஷ வேல," என்றார் பாய். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "அந்தம்மா மலைமேல போறப்போ இன்னும் ஓர் அங்குலம் இறங்கிச்சுன்னா, அங்க யாரு புடிக்கறது?"

சொல்லிவிட்டுப் போய்த் தன் கடையில் தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

வண்டி இனி இறங்குமா, இறங்காதா? உண்மையில் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. மேடு பள்ளத்தில் அடி வாங்கி ஒரு வெல்டிங் விட்டுக்கொடுத்தால், யாருமில்லாத ஒரு மலைப் பாதையில் கதவு பிளந்து வண்டி இரண்டாக மடியும். உள்ளே அந்த அம்மா தனியாக இருப்பார்.

அவர் அறைக்கு நடந்து போனேன். பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, மேல் கூட்டிலிருந்து உள்தட்டை உருவிக் காட்டினேன். கூட்டோடு இருக்கும்போது அழுத்தினால் வளையாது, தட்டை மட்டும் அழுத்தினால் வளையும். "உங்க வண்டி இந்தத் தட்டும்மா. நான் அதோட ரெண்டு ஓரத்தையும் ஒண்ணா வெட்டிட்டேன். நடு எறங்கிப்போச்சு. கதவ ராவி மூட வெச்சிருக்கேன்," என்றேன்.

அவர் தீப்பெட்டித் தட்டைத் தானும் அழுத்திப் பார்த்தார்.

"பஸ்ட் கிளாஸ்னு சொன்னீங்க."

"ஆமாம்மா."

"அப்போ தெரியுங்களா?"

"பாதி தெரியும்."

கோபத்தில் அவர் முகம் சிவந்தது. அப்போதும் 'ங்க' போகவில்லை. "இனிமே நீங்க சொல்றத நான் எப்படி நம்புறதுங்க?"

"என்ன நம்பாதீங்கம்மா. பாயோட டேப்ப நம்புங்க. நீங்களே வந்து புடிச்சுப் பாருங்க," என்றேன். அந்த நேரத்தில் தோன்றியது அவ்வளவுதான், ஆனால் அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

மறுநாள் காலையிலிருந்து எலெனா அம்மா என் பட்டறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்த முறை முதலில் நடுவில் ஜாக்கி கொடுத்தேன், இனி இறங்கக்கூடாது என்று. என் அழகான வெல்டிங்கை நானே வெட்டினேன். ஜாக்கியால் நூல் நூலாகத் தூக்க, பாய் ஒரு முனையும் அந்த அம்மா மறுமுனையும் டேப்பைப் பிடித்தார்கள். பாய் தன் நோட்டில் இருந்த பழைய அளவைச் சத்தமாகப் படிப்பார். அளவு வந்ததும் கதவு இடைவெளியில் இரும்புக் குழாயைக் குறுக்கே வெல்டு செய்து இறுக்கினேன், ஆடக்கூடாது என்று. வண்டியின் பழைய உருவம் உலகத்தில் வேறு எங்கும் இல்லை, அந்தக் கோடு போட்ட நோட்டில்தான் இருந்தது. குறுக்காக அளக்கிற கிறுக்கு என்று நான் கிண்டல் செய்த அந்த எண்கள் இல்லாவிட்டால் எந்த உயரத்தில் நிறுத்துவது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

கிளம்ப வேண்டிய வியாழன் வந்து போனது. வெள்ளிக்கிழமை மாலை இரண்டு பக்கமும் வெல்டிங் முடிந்தது. கதவை மாட்டி மூடினேன். இரண்டு கதவும் சுகமாக மூடின. எலெனா அம்மா எழுந்து நின்று, "நாளைக்குக் காலையில கிளம்புறேங்க," என்றார்.

பாய் கடைசியாக ஒருமுறை அளந்தார். இடது பக்கம் நோட்டு சொன்ன அளவு. வலது பக்கம் கால் அங்குலம் கம்மி, வெல்டிங் சூட்டில் இழுத்துக்கொண்டிருந்தது.

"ஆனா கதவு மூடுதுங்களே," என்றார் எலெனா அம்மா.

மூடத்தான் செய்யும். அது நான் ராவிய கதவு. கால் அங்குலக் கோணலிலும் மூடும்படி நானே அதைப் பழக்கிவைத்திருந்தேன். என் பொய்க்காகத் தயார் செய்த கதவு இப்போது எனக்கே பொய் சாட்சி சொன்னது. வலது பக்கத்தை மறுபடி பிரித்துச் சேர்க்க இன்னும் ஒரு நாள் வேண்டும்.

"கால் அங்குலந்தானே, துணில நான் பாத்துக்கறேன். அந்தம்மாக்கு நாள் இல்லபா," என்றார் பாய். பாயே அப்படிச் சொன்னார்.

நான் தலையை ஆட்டினேன். "இல்ல பாய். இன்னும் ஒரு நாள் வேணும்."

எலெனா அம்மாவுக்கு நான்கு நாள் அடக்கிவைத்த பொறுமை உடைந்துவிட்டது. "ஒரு நாள், ஒரு நாள்! தேதி போனா வண்டிய எடுத்துக்குவாங்க! போதும், இது போதுங்க!"

திங்கட்கிழமை 'கதவுதான் மூடுதே' என்று சொன்னவன் நான். வெள்ளிக்கிழமை அதே சொல்லை அவர் சொல்ல, போதாது என்று நிற்பவனும் நான். அவருக்குச் சந்தேகம் வந்ததில் நியாயம் இருக்கிறது. என் வார்த்தைக்கு என்ன மதிப்பு? ஆனாலும் சாவியை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரின் சாவியைக் கொடுக்க மறுத்தது அந்த ஒரு முறைதான்.

"வண்டிய அவங்க புடுங்கிக்கினா புடுங்கிக்கட்டும்மா. உங்க உசிரு மலையில போவக் கூடாது," என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு மறுபடியும் உட்கார்ந்தார். "டேப் குடுங்க," என்று பாயிடம் கை நீட்டினார்.

சனிக்கிழமை மாலை வலது பக்கமும் நோட்டுக்கு வந்தது. அந்தச் சரியான அளவில், நான் ராவிய கதவு ஓரங்களில் இப்போது விரல் நுழையும் இடைவெளி. அதை மறைக்காமல் அவருக்குக் காட்டி, உலோகத்தை உருக்கி ஊற்றி மறுபடி வளர்த்தேன். பாயின் டாப் ஒரு சுருக்கமில்லாமல் பொருந்தியது, தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வந்தது. கீழ்பென்னாத்தூர் ரோட்டில், வேர்க்கடலை வண்டிகள் போய்ப் போய்ப் பள்ளமாகிக் கிடந்த இடத்தில், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வேண்டுமென்றே குதிக்கக் குதிக்க ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிறகு நிறுத்திக் கதவைத் திறந்து மூடினார். பன்னிரண்டு பள்ளமாவது இருக்கும். இடுப்பு விட்டுப்போனது எனக்குத்தான், வண்டிக்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார். பன்னிரண்டு நாள் கணக்கில் ஒன்பது நாள்தான் மிச்சம். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு, எங்களுக்கு ஒரு கும்பிடு. செங்கம் சாலை வளைவில் அந்தப் புறா நிறம் மறைகிறவரை நானும் பாயும் நின்றோம். பிறகு அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

பத்து நாள், பதினைந்து நாள், ஒரு மாதம். எல்லையைத் தாண்டினாரா, வண்டி பறிபோனதா, மலையில் என்ன ஆயிற்று, ஒரு தகவலும் இல்லை. தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து நிற்பேன். இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு தபால் அட்டை வந்தது. முன்பக்கம் பனி மூடிய ஒரு மலையின் படம். பின்பக்கம், பஸ் போர்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கோணல்மாணலான தமிழ் எழுத்தில் மூன்று வரி.

'ஒரு நாள் முன்னாடி எல்லை தாண்டினேன். மலை முடிஞ்சுது. கதவு சரியா மூடுது.'

பாயின் கடைக்கு ஓடி அட்டையைக் கொடுத்தேன். அவர் படித்தார், திருப்பிப் பார்த்தார், ஓரமெல்லாம் தேடினார்.

"டாப்பு பத்தி ஒரு வார்த்த எழுதலியேபா? அவ்வளோ நல்லாத் தெச்சுக் குடுத்தேன். இன்னா அம்மா அது?"

"உன் துணி யாருக்கு பாய் வேணும்?" என்று சொல்லிச் சிரித்தேன். அன்றைக்கு முழுவதும் கால் தரையில் படாத சந்தோஷம். சாயங்காலம் பட்டறையைச் சாத்தும்போதுதான் அந்த அட்டையை மறுபடி எடுத்துப் படித்தேன். பாயின் துணியை அவர் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை, அதனால் எழுத ஒன்றுமில்லை. என் கதவை மட்டும், பஞ்சாபிலும் காபூலிலும் அதற்கப்பாலும், ஒவ்வொரு முறை மூடும்போதும் நின்று பார்த்திருக்கிறார். பாயிடம் இதை நான் கடைசிவரை சொல்லவில்லை.